மூச்சைப் பிடிப்பதா, மரம்போல நிற்பதா?

போன இதழில், இரண்டு நாசியிலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி பற்றி நாலு வரி எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நம்முடைய பிராணாயாமத்தையும் சீனர்களின் நின்ற தியானம், சீகோங் என்ற உடல்-மூச்சுப் பயிற்சி ஆகியவற்றையும் ஒப்பிட்டுக் கேட்பவை. பினாங்கில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம், காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்குப் போனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவில் தினமும் நடக்கிறேன். அங்கே வயதான சீனர்கள் ஒரு குழுவாக, பெரிய பானையைக் கட்டிப்பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். நான் கோயில் வகுப்பில் கற்ற நாடி சுத்தி செய்கிறேன். இரண்டும் ஒன்றுதானா, பேரில்தான் வித்தியாசமா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

இல்லை அம்மா, இரண்டும் வேறு வேறு. வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதே மாறிப்போகிறது.

நாடி சுத்திக்கு உட்காருகிறீர்கள். முதுகு நேராக இருக்க வேண்டும், கால் மரத்துப்போகக் கூடாது, உடம்பிடம் கேட்பது அவ்வளவுதான். ஆசனம் என்றால் நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்று சொல்லிவிட்டு அடுத்த சில சூத்திரங்களிலேயே பதஞ்சலி மூச்சுக்குப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு வேலை எல்லாம் மூச்சுக்குத்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கியிருக்க, கட்டைவிரலால் வலது நாசியை அடைத்து இடதால் இழுத்து, மோதிர விரலால் இடதை அடைத்து வலதால் விட்டு, மறுபடி வலதால் இழுத்து இடதால் விட்டு என்று போகிறது, அதில் எவ்வளவு இழுப்பது, எவ்வளவு நிறுத்துவது, எவ்வளவு விடுவது என்று கணக்கு வேறு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சொல்லும் கணக்கு பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (நிறுத்துவது) 64, ரேசகம் (விடுவது) 32. ஓர் எண்ணுக்கு ஒரு விநாடி என்று வைத்தால்கூட ஒரே ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது, கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். வருடக்கணக்கில் பழகியவர்களுக்கான அளவு அது. யாரும் வீட்டில் இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

நீங்கள் பூங்காவில் பார்த்தது ஜான் ஜுவாங் என்ற நின்ற தியானம். அங்கே அப்படியே தலைகீழ், வேலை முழுக்க உடம்பின் நிலைக்கு, மூச்சை யாரும் தொடுவதில்லை. இதை இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பயிற்சியாக ஆக்கியதில் பெரிய பங்கு வாங் சியாங்சாய் (1885–1963) என்பவருக்கு உண்டு. சிங்யீ போர்க்கலையில் வளர்ந்தவர், பிறகு மனப்பாடமாகச் செய்யும் அடவு வரிசைகளை ஒதுக்கிவிட்டு, நிற்பதையே அடித்தளமாக வைத்து யீச்சுவான் என்ற முறையை உருவாக்கினார். மூச்சு இயல்பாக இருக்கட்டும், அதை வேலை வாங்காதே என்பதுதான் அவர் வழி.

அடுத்த முறை நடக்கும்போது கொஞ்சம் நின்று கவனியுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு இருக்கும். முட்டி பூட்டியிருக்காது, உட்காரலாம் என்று நினைத்து ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்தியதுபோல லேசாகத் தளர்ந்திருக்கும். இடுப்பின் பின்வளைவு இளகி வால் எலும்பு கீழே பார்க்கும், தாடை சற்று உள்ளே போய்க் கழுத்து நீண்டிருக்கும், நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கைகள் நெஞ்சுக்கு நேரே வளைந்து, விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடாமல், அக்குளில் ஒரு முட்டை வைக்கும் அளவு இடம் விட்டிருக்கும். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும். மூன்று நாலு நிமிடத்தில் புதியவர்களின் தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கும். அப்போது சிஃபூ (ஆசான்) பின்னால் வந்து இரண்டு விரலால் தோளைத் தொடுவார், அழுத்த மாட்டார், தொட்டதும் தோள் இறங்கும், அதே நேரத்தில் மார்பில் ஓடிக்கொண்டிருந்த மூச்சு வயிற்றுக்கு இறங்குவது சட்டை மேலேயே தெரியும். மூச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் நான் சொல்வது இதுதான்: பிராணாயாமத்தில் மூச்சின் வழியாக உடம்பையும் மனதையும் அடைகிறோம், ஜான் ஜுவாங்கில் உடம்பின் வழியாக மூச்சை அடைகிறோம். இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். நின்றுகொண்டே கும்பகம் போடுவதும், நாடி சுத்திக்கு உட்கார்ந்துவிட்டு மூச்சு தானாகவே போகட்டும் என்று விட்டுவிடுவதும் இரண்டையும் கெடுக்கும்.

சந்திக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு வாக்கில் குறைத்தால், இழுக்கும்போது இதயத் துடிப்பு கூடி விடும்போது குறையும் அந்த ஏற்ற இறக்கம் மிக அகலமாகிறது, ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சையும் கூர்மையாகிறது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, கத்தோலிக்க ஜெபமாலைச் செபமும் யோக மந்திர உச்சரிப்பும் மூச்சை இந்த அளவுக்கே கொண்டுவந்ததைக் காட்டியது. நாடி சுத்தியில் நீங்கள் எண்ணி எண்ணி அங்கே போய்ச் சேருகிறீர்கள். நிற்பவருக்கு மூச்சு தானாக மெதுவாகும், ஆனால் இத்தனைதான் என்று சொல்ல முடியாது, அன்றைய உடம்பைப் பொறுத்தது.

சீனர்கள் மூச்சைத் தொடவே மாட்டார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். சீகோங்கில் பல வகை உண்டு. பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுப் பயிற்சியில் கையை உயர்த்தும்போது இழுத்து இறக்கும்போது விடுவார்கள். லியூசிஜுவேயில் ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாக வெளிமூச்சில் விடுவார்கள், ஒவ்வொன்றும் ஓர் உறுப்புக்கு என்பது அவர்களுடைய மருத்துவக் கணக்கு. 1950களில் லியூ குய்ஜென் சிகிச்சை இல்லங்களில் கற்றுக்கொடுத்த நெய்யாங்கோங்கில் இழுப்பு, நிறுத்தம், விடுதல் மூன்றும் உண்டு, மனதுக்குள் சில சொற்களைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நம் கும்பகத்துக்கு மிக அருகில் வருவது அதுதான், ஆனால் நிறுத்தம் மென்மையானது, நாம் போடும் மூல பந்தம், ஜாலந்தர பந்தம் என்ற உடல் பூட்டுகள் அங்கே கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் மரபில் இடகலை, பிங்கலை என்ற இட, வல நாடிகள் சமமாகி, பிராணன் நடு நாடியான சுழுமுனை வழியாக மேலே போக வேண்டும், எல்லாமே ஏறுமுகம். சீன மரபில் முதுகு வழியாக ஏறிய சீ (உயிர்ச்சக்தி) முன்பக்கம் வழியாக இறங்கி, தொப்புளுக்கு மூன்று விரல் கீழே உள்ள தான்தியெனுக்கு வந்து அடங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாமல் ஒருவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். நம் ஆட்களில் பாதிப்பேர் கடைசி மூச்சு முடிந்ததும் கைபேசியை எடுக்கிறார்கள். அந்த ஒன்றை அவர்களிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததுதான் சீகோங்கும் குங்ஃபூவும். போகர் சித்தரும் சீனா போனவர். நம்மிடமிருந்து போனதை இப்போது நாம் ஏன் சீனரிடம் காசு கொடுத்துக் கற்க வேண்டும்?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

தம்பி, இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1973இல் சீனாவில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடிய கல்லறை அது. உள்ளே இருந்த பட்டுத்துணி ஒன்றில் ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள் உடற்பயிற்சி செய்கிற மாதிரி வரைந்திருந்தது. கையை விரிப்பது, குனிவது, மிருகங்களைப்போல அசைவது எல்லாம் அதில் இருக்கிறது. கி.மு. காலத்துச் சுவாங் சி நூலிலும் பழைய மூச்சை வெளியே தள்ளிப் புதியதை உள்ளே வாங்குவது, கரடிபோலத் தொங்குவது, பறவைபோல நீட்டுவது என்று வருகிறது. போதிதர்மரின் காலம் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டு. அவர் பிறப்பதற்கு அறுநூறு வருடத்துக்கு முன்பே சீனர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குப் படமே இருக்கிறது.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547ஆம் வருடத்தைச் சேர்ந்தது, அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அடுத்து வரும் பழைய குறிப்புதான் தென்னிந்திய அரசனின் மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்பது பிறகு சேர்ந்தது. இந்தப் பழைய குறிப்புகள் இரண்டும் அவர் உடற்பயிற்சி எதையும் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லவில்லை, தியானத்தைப் பற்றித்தான் பேச்சு. அவர் எழுதியதாகச் சொல்லும் யிஜின்ஜிங் என்ற தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. தென்னிந்தியாவிலிருந்து போன ஒரு துறவியைச் சீனா முழுக்க ஆயிரத்து ஐந்நூறு வருடமாகக் கும்பிடுகிறது என்றால் அதுவே நமக்குப் போதுமான பெருமை, அதற்கு மேல் இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

போகர் விஷயம் வேறு. பழனி ஆண்டவரின் நவபாஷாணச் சிலையோடும் சீனாவோடும் அவரைச் சேர்த்துச் சொல்வது நம் சித்தர் மரபு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற எனக்கும் அந்த மரபின்மேல் பற்று உண்டு. ஆனால் அவர் பெயரில் இருக்கும் பாடல்களின் தமிழ் மிகப் பிற்காலத்துத் தமிழ், அதை வைத்துக்கொண்டு சீகோங்கின் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது.

உண்மையாகவே இங்கிருந்து போனது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற பெரிய சீன வைத்தியர் எழுதிய மருத்துவ நூலில், இந்திய நாட்டு முறை, இது பிராமணர்களின் வழி என்று வெளிப்படையாகவே எழுதி, 18 அசைவுகள் கொண்ட ஒரு பயிற்சியைக் கொடுத்திருக்கிறார். யாரிடமிருந்து வாங்கினேன் என்று எழுதிவைத்தார் பாருங்கள், அந்த மரியாதையை நாமும் காட்டலாமே. பட்டமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் 1913 முதல் 1923 வரை நம் மலாயாவில், சிரம்பானிலும் ஜோகூரிலும் டாக்டராக வேலை பார்த்தவர். ரிஷிகேசத்துக்குப் போய் அவர் எழுதிய யோகப் புத்தகங்களை எத்தனையோ இனத்தவர் படித்தார்கள், இது எங்களுடையது இல்லையே என்று அவர்கள் தள்ளிவைக்கவில்லை.

காசு பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்த பூங்காக் குழுக்களில் பலவற்றில் கட்டணமே கிடையாது, சீனப் புத்தாண்டுக்கு ஓர் ஆங்பாவ் (சிவப்பு உறையில் அன்பளிப்புப் பணம்) கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எனக்கு 58 வயது. ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கபாலபாதி செய்தால் பிபி இறங்கும் என்கிறார்கள், சீன நண்பர் நின்றாலே போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?
— வாசகர், பட்டர்வொர்த்

ஐயா, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். துருத்திபோல வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகா வேண்டாம், கும்பகமும் வேண்டாம். மூச்சை அடக்கி உள்ளே அழுத்தம் கொடுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் ஒரு குதி குதித்து, பிறகு விழுந்து, விடும்போது மறுபடி ஏறுகிறது. நல்ல ரத்தக் குழாய் அதைத் தாங்கும். உங்கள் வயதில், இரண்டு நோயோடு, அந்தச் சோதனை எதற்கு? குடலிறக்கம், கண் அழுத்த நோய், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் எல்லோருக்கும் இதே பதில்தான்.

செய்யக்கூடியது எளிமையானது. நாற்காலியில் உட்கார்ந்து நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், நிறுத்தம் இல்லை. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, மேலே சொன்ன அந்த அளவு வந்துவிடுகிறது. மூச்சு முட்டினால் மூன்று இழுத்து ஐந்து விடுங்கள். விடும்போது வாயை மூடி ம்ம் என்று ஒலித்தால் அது பிராமரி, எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய தொல்லையும் இல்லை. அப்படி ஒலிக்கும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு கூடுவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்திருக்கிறார்கள். அந்த வாயு ரத்தக் குழாயைத் தளர்த்துவது.

நிற்பதற்கு வருவோம். நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. சுவரில் சாய்ந்து அரை உட்காரல் நிலையில் இருப்பது மாதிரியான அசையாப் பயிற்சிகள் ஓய்வு நேர ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைப்பதாக 2023இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் சொன்னது. ஜான் ஜுவாங் அதைவிட மிருதுவானது, அதனால் அதே பலன் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் செய்யலாம், சில கட்டுப்பாட்டோடு. கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்காமல் வயிற்றுக்கு முன்னால் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முட்டியைப் பூட்டவே கூடாது. பள்ளிக்கூடச் சபைகூடலில் விறைப்பாக நின்று திடீரென்று விழும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள், காலில் தேங்கிய ரத்தம் மேலே வராததுதான் காரணம், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். பிபி மாத்திரைகள் சிலவற்றுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் குணம் வேறு உண்டு, அதனால் மாத்திரை போட்ட உடனே நிற்காதீர்கள், முடித்ததும் பட்டென்று உட்காராமல் மெதுவாக நடங்கள். இனிப்பு நீரால் பாதம் மரத்திருந்தால் ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் செய்து, வீட்டில் அளந்த அளவுகளை எழுதிவைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். குறைப்பதா வேண்டாமா என்பது அவர் வேலை.

நிற்கும்போது உள்ளங்கை சூடாகிறது, தொடை நடுங்குகிறது. சிஃபூ அதைச் சீ என்கிறார். பஸ்திரிகா செய்யும்போது உதடும் விரலும் கூசுகின்றன, யோகா மாஸ்டர் அதைப் பிராணன் என்கிறார். இரண்டும் ஒன்றா?
— வாசகி, கிள்ளான்

இரண்டுக்கும் காரணம் வேறு. தொடை நடுங்குவது தசை களைப்பு, பழகப் பழக நின்றுவிடும். கை சூடாவது உடம்பு தளர்ந்து கையின் ரத்தக் குழாய் விரிவதால், அது நல்ல அறிகுறி.

பஸ்திரிகாவின் கூச்சம் அப்படி இல்லை. வேக வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது, ரத்தத்தில் தனித்து ஓடும் கால்சியம் குறைகிறது, நரம்பு தேவையில்லாமல் துடிக்கிறது, உதடும் விரலும் கூசுவது அதனால்தான். மூளையின் ரத்தக் குழாய் சுருங்குவதால் தலை லேசாக மிதப்பதுபோல இருக்கும், அதைப் பேரானந்தம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். விரல் மடங்கி இறுகும் அளவுக்குப் போனால் எல்லை தாண்டிவிட்டது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சில நிமிடத்தில் சரியாகும். அடுத்த நாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

உங்கள் சிஃபூவும் மாஸ்டரும் சொல்வதை நான் மறுக்கவில்லை, அது அவரவர் மரபின் மொழி. ஆனால் இந்த உணர்ச்சியைத் தேடிக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். வந்தால் வரட்டும், வராத நாளும் நல்ல நாள்தான்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது. தோழி குவோலின் சீகோங்குக்குக் கூப்பிடுகிறாள். போகலாமா? பிராணாயாமம் அதைவிட நல்லதா?
— வாசகி, பெட்டாலிங் ஜெயா

போகலாம். குவோ லின் (1909–1984) ஓர் ஓவியர், தனக்கே கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர், 1970களில் பெய்ஜிங் பூங்காக்களில் இந்த நடைப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இரண்டு சின்ன இழுப்பு, ஒரு விடுதல், காலடிக்கு ஏற்றபடி. நின்ற தியானமும் இல்லை, நம் பிராணாயாமமும் இல்லை, நடையும் மூச்சும் சேர்ந்தது. சிகிச்சைக்குப் பின்னால் வரும் சோர்வுக்கு உட்கார்ந்து செய்வதைவிட நடப்பது நல்லது என்பதால் உங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கோலாலம்பூரிலேயே மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களைச் சீகோங், ஏரோபிக் பயிற்சி, வழக்கமான கவனிப்பு என்று மூன்று குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்து 2014இல் வெளியானது. அது பார்த்தது அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை, நோய் குணமாவதை அல்ல. யாராவது சீகோங் இருக்க மருந்து எதற்கு என்று சொன்னால் அந்தக் குழுவிலிருந்து வந்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கும் தொல்லை இருந்தால் கையைத் தூக்கி வைக்கும் நிலைகளுக்கு முன்னால் உங்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒரே காலையில் செய்யலாமா? எது முதலில்? புகைமூட்டக் காலத்தில் என்ன செய்வது?
— வாசகர்கள், சுங்கை பட்டாணி, ஜெலுத்தோங்

செய்யலாம். முதலில் நில்லுங்கள், பிறகு உட்காருங்கள். நின்று உடம்பு தளர்ந்த பிறகு நாடி சுத்திக்கு உட்கார்ந்தால் மூச்சு ஏற்கெனவே வயிற்றில் இருக்கும், இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்காது. நடுவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் சேர்த்து இருபது நிமிடம் போதும். இரவில் தூக்கம் வராதவர்கள் நிற்பதைக் காலைக்கு வைத்துக்கொண்டு, படுக்கும் முன் நீண்ட வெளிமூச்சு மட்டும் செய்யலாம்.

புகைமூட்டத்தில் ஐபியு (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் வெளியே மூச்சுப் பயிற்சி கிடையாது, பூங்கா என்றாலும் கடற்கரை என்றாலும். ஆழமாக இழுத்தால் அந்தத் துகளும் ஆழமாகத்தான் போகும். ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்குள் நில்லுங்கள்.

நாங்கள் சைவக் குடும்பம். சீகோங் வகுப்பு நடக்கும் இடத்தில் சீனச் சாமி படமும் ஊதுபத்தியும் இருக்கின்றன. போனால் தப்பா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

இல்லை அம்மா. பயிற்சியில் சாமி கும்பிட வேண்டிய பகுதி இல்லை, கும்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வேறு குழு பாருங்கள். தைப்பூசத்துக்கு நம்மோடு சேர்ந்து தேங்காய் உடைக்கிற சீனர்களை நினைத்துப் பாருங்கள்.

என் தம்பிக்கு 24 வயது. யூடியூப் பார்த்து தினமும் பல மணி நேரம் பஸ்திரிகாவும் கும்பகமும் செய்கிறான், இரவில் சீன முறையில் நிற்கிறான். தூக்கம் இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது. முதுகுத்தண்டில் நெருப்பு ஏறுகிறது, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறான். குண்டலினி எழுந்துவிட்டது, தடுக்காதே என்கிறான். அம்மா சாமி பார்க்கக் கூட்டிப்போகலாம் என்கிறார்.
— வாசகி, ஈப்போ

தங்கச்சி, இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் முன்பே பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வீடுகளிலும் இப்படி இருக்கலாம் என்பதால் உங்கள் சம்மதத்தோடு இங்கேயும் எழுதுகிறேன்.

இது குண்டலினியா இல்லையா என்ற வாதத்துக்குள் அவனோடு போகாதீர்கள். இரண்டு மரபும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லப் பழக்குவதுபோல மூச்சையும் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பயில்பவனையே கொல்லும் என்கிறது 15ஆம் நூற்றாண்டின் ஹடயோக பிரதீபிகை. சீனர்களிடமும் தவறான பயிற்சியால் புத்தி தடுமாறுவதற்குத் தனிப் பெயரே உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டிலும் சீகோங்கால் வரும் மனநிலைக் குலைவு தனியாக இடம்பெற்றது. பயிற்சிதான் காரணமா, உள்ளே ஏற்கெனவே இருந்த நோய் வெளியே வந்ததா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அந்த வயதில் இப்படிப்பட்ட நோய்கள் தொடங்குவது சகஜம், சீக்கிரம் வைத்தியம் பார்த்தால் நன்றாகவே கட்டுப்படும்.

பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், நாடி சுத்தி உட்பட. மாற்றாக ஒரு மென்மையான பயிற்சி கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள், கொடுக்க மாட்டேன். அவனுக்கு இப்போது வேண்டியது சோறு, தூக்கம், வீட்டு மனிதர்களின் துணை, டாக்டர். பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு (கிளினிக் கெசிஹாத்தான்) கூட்டிப்போனால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டால் போகட்டும், ஆனால் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்த பிறகு.

எத்தனை நாளாகத் தூக்கமில்லை, என்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், குரல் எப்போதிலிருந்து கேட்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள், அவன் எதிரில் வாயால் சொன்னால் அவன் மறுப்பான், பேச்சு சண்டையில் போய் முடியும். அந்தக் குரல் தன்னையோ மற்றவரையோ ஏதாவது செய்யச் சொல்கிறது என்று அவன் சொன்னால் கடிதத்துக்கும் வரிசைக்கும் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் 999ஐக் கூப்பிடுங்கள்.